கலைச்சொல் தேவை: காலாவதியான ஆள்களப் பெயரும் ‘டிராப் கேட்ச்’சும்

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

குழும அன்பர்களுக்கு வணக்கம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்போருக்கான இணைய வணிகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் சேர்ப்பிக்க வேண்டும். ‘ஆள்களப் பெயர்’ (இணையதளத்தின் முகவரிப் பெயர், டொமைன்), ‘பதிவகம்’ (டாட் காம் போன்ற ஒரு வகைப் பெயர்களின் முழுப் பட்டியலை வைத்திருக்கும் அமைப்பு), ‘பதிவு முகவர்’ (பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) ஆகியவற்றை இக்குழுமம் முன்பே ஏற்றுக்கொண்டதால் அவற்றில் சிக்கலில்லை. காலாவதியான பெயர் எவருக்கும் உரியதாக இல்லாமல் விழும் நொடியில் அதைப் பிடித்துப் பதிவுசெய்யும் ‘டிராப் கேட்ச்’ என்பதற்கும், அப்படி விழுந்த பெயருக்கும் சொல் வேண்டும். பயிற்சி வகுப்பில் ஒரு பட்டறைக்காரர் தம் பழைய தளத்தைத் திறந்து பார்த்தபோது அங்கே சீட்டாட்ட விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம், தளத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்ட இளைஞரின் மின்னஞ்சலுக்குப் போயிருந்தன. அந்தப் பட்டறைக்காரருக்குப் புரிகிற சொல்லாக இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அனுப்புநர்: நிரலர், சூரமங்கலம்

அம்மா, சொல்லைத் தேடும் முன் கட்டங்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. டாட் காம் போன்றவற்றில், காலாவதியான அன்றே பெயர் விழுந்துவிடுவதில்லை. முதலில் பதிவு முகவர் தரும் சலுகைக் காலம். அது முகவருக்கு முகவர் மாறும், 45 நாள் வரை நீளலாம். அடுத்தது 30 நாள் மீட்புக் காலம். பழைய பதிவர், அதாவது பெயரைப் பதிந்து வைத்திருந்தவர் மட்டுமே, கூடுதல் கட்டணம் கட்டி, பெயரைத் திரும்பப் பெறலாம். அதற்குப் பின் 5 நாள் நீக்கக் காத்திருப்பு. அப்போது பழையவரும் தொட முடியாது, புதியவரும் தொட முடியாது. அது கழிந்ததும் பதிவகம் பெயரை நீக்கும். அந்த நொடியைக் குறிவைத்து, இதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் பல முகவர் இணைப்புகளின் வழியே பதிவுக் கோரிக்கைகளைக் கணினி கொண்டு பொழிந்துகொண்டிருக்கும். மனிதர் விசைப்பலகையில் தட்டி வெல்லக்கூடிய போட்டி அன்று அது. ‘இந்தப் பெயர் விழுந்தால் எனக்குப் பிடித்துக் கொடுங்கள்’ என்று அவர்களிடம் சொல்லிவைப்பதே ‘பேக்கார்டர்’. இதற்கு ‘முன்பதிவு’ வேண்டாம். பெயர் கிடைத்துவிட்டதாகவே மக்கள் எண்ணிக்கொள்வார்கள். ‘காத்திருப்புப் பதிவு’ போதும். விழும் பெயர் ‘விழுபெயர்’, அதைப் பிடிப்பது ‘விழுபெயர்ப் பிடிப்பு’ என்பது என் முன்மொழிவு.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

நிரலரின் ‘விழுபெயர்’ வினைத்தொகையாக நன்றாகவே அமைந்திருக்கிறது; ஊறுகாய், சுடுசோறு போல வல்லெழுத்து மிகாமல் நிற்கிறது. ஆனால் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர், சந்திப்பிழை என்று கருதி நடுவே ஒரு பகர மெய்யைச் சேர்த்துவிட்டால் அது ‘விழுப்பெயர்’ ஆகிவிடும். விழுப்பொருள், விழுப்புண் என்பவற்றில் உள்ளதுபோல ‘சிறந்த பெயர்’ என்று பொருள் தலைகீழாகும். அதுவும் ஒருவகையில் பொருத்தமே என்பேன். தொல்காப்பிய உரியியலில் ‘விழுமம்’ என்ற ஒரே சொல்லுக்குச் சீர்மை என்றும் இடும்பை என்றும் பொருள் கூறப்பட்டிருப்பதை அன்பர்கள் அறிவார்கள். ஒரே பெயர் இழந்தவனுக்கு இடும்பையாகவும் பிடித்தவனுக்குச் சீர்மையாகவும் அமைகிறதென்றால், இதைவிடச் செறிவான வேர் வேறு எங்கே கிடைக்கும்?

மீட்புக் காலத்துக்கோ ‘கரந்தைக் காலம்’ என்பேன். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தை. தொல்காப்பியர் அதை ஆநிரை கவர்தலைப் பாடும் வெட்சித் திணைக்குள் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாகவே வைத்தது. ஆநிரை மீட்கும் பூசலில் பட்ட வீரர்களுக்கு நட்ட கற்கள் நமக்கு அண்டையில் உள்ள தருமபுரி வட்டாரத்தில் இன்றும் நிற்கின்றன. நம் மண்ணின் சொல்லை நாமே கைவிடலாகாது.

அனுப்புநர்: நிரலர், சூரமங்கலம்

ஐயா, மீட்புக் காலத்தில் ஆநிரையை இன்னும் யாரும் கவரவில்லை; உரியவர் தொழுவத்தைப் பூட்ட மறந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அனுப்புநர்: நகை அடகுக் கடைக் கணக்கர், செவ்வாய்ப்பேட்டை

பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும். கொலுசுப் பட்டறைக்காரருக்கு நாம் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. இதற்கான சொற்கள் முழுவதும் எங்கள் தெருவிலேயே வழங்குகின்றன. கெடு முடிந்தும் வட்டி கட்டாத நகைக்கு அறிவிப்புப் போகிறது. அதன் பிறகும் மீட்காவிட்டால் நகை முழுகிவிட்டது என்கிறோம். முழுகிய நகை ஏலத்துக்குப் போகிறது. ‘கெடு’, ‘மீட்புத் தவணை’, ‘முழுகிய பெயர்’, ‘ஏலம்’ என்று எழுதினால், கையேட்டைப் படிப்பவர் அகராதியைத் தேட வேண்டியிராது. ‘உங்கள் பெயர் முழுகிவிடும்’ என்ற ஒரு வரி போதும், அவர் அன்றைக்கே புதுப்பித்துவிடுவார்.

அனுப்புநர்: தமிழாசிரியர், ஆத்தூர்

‘ஏலம்’ போர்த்துகீசியச் சொல்லின் வழிவந்தது என்பதை மட்டும் பதிவுசெய்ய விரும்புகிறேன்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

சாவியும் சன்னலும் அலமாரியும் அவ்வழி வந்தவையே, ஐயா. அவற்றை வீட்டைவிட்டு வெளியேற்றும் நாளில் ஏலத்தையும் அனுப்பிவிடலாம். ‘முழுகிய பெயர்’ கேட்டவுடன் மனத்தில் தைக்கிறது; நான் அந்தப் பக்கம் சாய்கிறேன்.

அனுப்புநர்: வழக்குரைஞர், ஓமலூர்

சாய்வதற்கு முன் சிறிது பொறுக்க வேண்டும். ‘முழுகிய’ என்பது புரியும் சொல் என்பதில் ஐயமில்லை. தவறாகப் புரியும் சொல் என்பதே என் மறுப்பு. அடகு வைத்த நகை, முழுகும் வரை வைத்தவருடைய சொத்து; ஆள்களப் பெயரோ அதிகம் போனால் 10 ஆண்டுக்கு எடுக்கும் பதிவுரிமை மட்டுமே; யாரும் அதை விலைக்கு வாங்குவதில்லை. அடகுக் கடைக்காரர்களுக்கான 1943ஆம் ஆண்டுச் சட்டப்படி, நகை ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்த தொகையைக் கேட்டுப் பெற அடகு வைத்தவருக்கு உரிமை உண்டு. காலாவதியான நல்ல பெயர்களைப் பதிவு முகவர்கள் பலர் விழவே விடாமல் சலுகைக் காலத்திலேயே ஏலம் விடுகிறார்கள். அதில் வரும் தொகையில் பழைய பதிவருக்குப் பொதுவாகப் பங்கு கிடையாது. நம் பட்டறைக்காரர் ‘மிச்சப் பணம் எங்கே?’ என்று கேட்டால், கையேட்டை எழுதியவர் என்ன விடை சொல்வார்?

மேலும், முழுகியது முழுகியதுதான் என்ற எண்ணத்தையும் அச்சொல் விதைக்கிறது. வணிகப் பெயர் உரிமை உள்ளவருக்கு 1999 முதல், ஆள்களப் பெயர்களை உலகளவில் நெறிப்படுத்தும் ஐகான் அமைப்பின் சீரான தகராறுத் தீர்வுக் கொள்கை இருக்கிறது. டாட் இன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பின் கீழ்த் தனி நடைமுறை உண்டு. ஐகான் கொள்கையின்படி, பெயர் தம் வணிகக் குறியோடு ஒன்றாகவோ குழப்பும் அளவுக்கு ஒத்தோ இருப்பதையும், பிடித்தவருக்கு அதில் நியாயமான உரிமையோ நலனோ இல்லை என்பதையும், தீய நோக்கத்துடன் பதிவுசெய்து பயன்படுத்துகிறார் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் வழி பிறக்கும், எளிதன்று. ஆயினும் வழியே இல்லை என்று தோன்றும்படி எழுதலாகாது. இந்த இருவகைக் குழப்பமும் நேராத ‘விடுபட்ட பெயர்’ என்பதையே வைக்கலாம்.

அனுப்புநர்: நகை அடகுக் கடைக் கணக்கர், செவ்வாய்ப்பேட்டை

‘விடுபட்ட பெயர்’ என்றால் எங்கள் பக்கம் வாக்காளர் பட்டியலில் இல்லாத பெயர்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், அஸ்தம்பட்டி

இன்று வியாழன் இரவு. கையேட்டில் ‘மீட்புத் தவணை’, ‘முழுகிய பெயர்’, ‘காத்திருப்புப் பதிவு’ என்றே போடுகிறேன்; கருத்துச் சொன்னவர்களில் பலர் இதற்கு இசைந்ததாகவே எடுத்துக்கொள்கிறேன். ‘டிராப் கேட்ச்’ என்பதற்கு ஒருமித்த சொல் அமையவில்லை. ‘முழுகிய பெயரை உடனே பிடித்தல்’ என்று சொற்றொடராகவே விரித்து எழுதிவிட்டேன். அது கலைச்சொல் ஆகாது என்பதை அறிவேன். ஏல மிச்சம் பற்றி வழக்குரைஞர் கூறியதை அதே பக்கத்தில் ஒரு பத்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

அனுப்புநர்: தமிழாசிரியர், ஆத்தூர்

‘விழுபெயர்’ குழுமத்தின் சொற்பட்டியலிலாவது இடம்பெற வேண்டும், ஒற்று மிகாமல்.

அனுப்புநர்: வழக்குரைஞர், ஓமலூர்

பத்திக்கு நன்றி. ‘முழுகிய’ என்பதற்கான என் மறுப்பு அப்படியே நிற்கிறது. இரண்டாம் பதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.