கடவுளுடைய மகிமையும் எங்கட சந்தோசமும்: வாலிபருக்கு எப்படிப் படிப்பிக்கிறது?

மல்லாவி வாலிபர் ஆசிரியர்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வாற மாதக் கூடுகையில ஒரு மணித்தியாலப் பாடம் எடுக்க வேணும். பதினாறு தொடக்கம் இருபது வயசுப் பிள்ளைகள். 1647இல் வந்த வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையின் (விசுவாசத்தைக் கேள்வி பதிலாப் படிப்பிக்கிற சீர்திருத்த சபைப் புத்தகம்) முதல் கேள்வியின் பதிலை எடுக்க யோசிக்கிறன்: மனிதனுடைய பிரதான நோக்கம் கடவுளை மகிமைப்படுத்துவதும், என்றென்றைக்கும் அவரில் மகிழ்ந்திருப்பதும். பிள்ளைகள் இப்பவே ரெண்டு கேள்வி போட்டிட்டினம். தன்னைப் புகழச் சொல்லிற மனுசனைப் பெருமைக்காரன் எண்டுறம், கடவுள் சொன்னால் மட்டும் சரியோ? மற்றது, காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடித் திரியிற அம்மாவிட்ட “சந்தோஷமாயிருங்கள்” எண்டு எந்த வாயால சொல்லிறது? அப்பிடியான வீட்டுப் பிள்ளைகளும் கூட்டத்துக்கு வருவினம். மேலெழுந்தவாரியா ஒண்டும் சொல்ல விருப்பமில்லை.

கிளிநொச்சி உபதேசியார்:
தம்பி, முதல் கேள்விக்கு ஏசாயா 43:7ஐத் தனியா எடுத்துத் தொடங்காதேங்கோ. கனபேர் அங்கதான் பிழைக்கினம். “என் மகிமைக்கென்று சிருஷ்டித்து” எண்ட வரி தனிய நிண்டால் அரச கட்டளை மாதிரிக் கேக்கும். அதிகாரத்தை முதல் வசனத்திலயிருந்து வாசியுங்கோ. “பயப்படாதே” எண்டு தொடங்கி, நாலாம் வசனத்தில நீ என் பார்வைக்கு அருமையானவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் கடவுள் மகிமையைப் பற்றிக் கதைக்கிறார்.

சங்கீதம் 50:12ஐ முன்னுக்கு வையுங்கோ: “நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன்.” புகழுக்கு அலையிற மனுசனிட்ட ஒரு குறை இருக்கு, மற்றவையின்ர வாயால அதை நிரப்பப் பாக்கிறான். கடவுளிட்ட அந்தக் குறையே இல்லை. அப்போஸ்தலர் 17:25உம் அதைத்தான் சொல்லுது. பிறகேன் தன்னைத் தேடச் சொல்லிறார்? பரிபூரண ஆனந்தம் அவருடைய சமுகத்தில எண்டு சங்கீதம் 16:11 சொல்லுது. வேறெதையாவது காட்டி “இதில உன்ர நிறைவு இருக்கு” எண்டு அவர் சொன்னால் அது பொய்யாப் போயிடும்.

பிள்ளைகளுக்கு இரணைமடு வான் பாயிறதைச் சொல்லலாம்: குளம் நிரம்பி வழியிறதாலதான் தண்ணி கீழ வருது, கீழ உள்ள வயல் குளத்தை நிரப்பிறேல்லை. ஆனால் உவமை அதுக்குள்ள முடியுது. குளத்துக்கு மனம் இல்லை, கடவுள் விரும்பிக் குடுக்கிறார். அதையும் சேர்த்துச் சொல்லாட்டி அவரை ஒரு இயற்கைச் சக்தி ஆக்கிப்போடுவம்.

கடைசியா யோவான் 17. முதல் வசனத்தில மகன் மகிமையைக் கேக்கிறார், ரெண்டில நித்திய ஜீவன் குடுக்கிறதுக்காக எண்டுறார், பதின்மூண்டில தன்ர சந்தோஷம் அவையளில நிறைவாகட்டும் எண்டுறார், இருபத்திரண்டில தனக்குத் தந்த மகிமையை அவையளுக்குக் குடுத்தன் எண்டுறார். எல்லாம் ஒரே ஜெபம். அடுத்த நாள் சிலுவை. யோவானில மகிமைப்படுற வேளை கோதுமை மணி நிலத்தில விழுந்து சாகிற வேளை (12:23-24). தற்பெருமைக்காரன் அந்த வழியால போகமாட்டான்.

மடு வீதி மறைக்கல்வியாளர்:
எங்கட கத்தோலிக்கத் திருப்பலியில குருவானவர் சொல்லிற நன்றி மன்றாட்டான பொது முகவுரைகளில ஒண்டிலயே இந்தப் பதில் இருக்கு: எங்கட புகழ்ச்சி இறைவனுக்குத் தேவையில்லை, அது அவருடைய மேன்மையைக் கூட்டாது, எங்கட மீட்புக்குத்தான் உதவுது, நன்றி சொல்லிறதுகூட அவர் தந்த கொடை. புனித இரனேயுவையும் பாருங்கோ, இரண்டாம் நூற்றாண்டு லியோன் ஆயர். “கடவுளின் மாட்சி உயிர்வாழும் மனிதர்” எண்டதோட கனபேர் நிப்பாட்டிப்போடுவினம். “மனிதரின் வாழ்வோ கடவுளைக் காண்பது” எண்ட மிச்சத்தை விட்டால் அவர் சொன்னது பாதிதான்.

மல்லாவி வாலிபர் ஆசிரியர்:
நன்றி ஐயா, நன்றி அண்ணை. ரெண்டாவது கேள்விக்குப் பிலிப்பியர் 4:4 போதுமோ? பவுல் காவலில இருந்துதானே எழுதினவர்.

முள்ளியவளை ஜெபக்குழு அக்கா:
தனிய வேண்டாம் தம்பி. அதே நிருபத்தில 2:27ஐப் பாருங்கோ. தன்னோட ஊழியம் செய்த எப்பாப்பிரோதீத்து வியாதியில செத்திருந்தால் தனக்குத் “துக்கத்தின்மேல் துக்கம்” வந்திருக்கும் எண்டு அதே பவுல் எழுதிறார். சந்தோஷப்படச் சொன்னவர் துக்கத்தை மறைக்கேல்லை.

முதல் இருபது நிமிசம் யோவான் 11. மூண்டு பேர் குரல் பிரிச்சு 1 தொடக்கம் 44 வரை வாசிக்கட்டும். பிறகு ஒழுங்கைக் கவனிக்கச் சொல்லுங்கோ. வியாதி தேவனுடைய மகிமைக்காக எண்டு நாலாம் வசனத்தில இயேசு சொல்லிறார். லாசருவை எழுப்பப் போறதும் அவருக்குத் தெரியும். அப்பிடியிருந்தும் முப்பத்தைஞ்சில அழுகிறார். “மகிமைக்காக” எண்டு தெரிஞ்சவரே அழுதிருக்கிறார் எண்டால், அழுகையை நிப்பாட்ட எங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை. லாசருவின்ர சகோதரிகள் மார்த்தாளும் மரியாளும் “நீர் இங்கே இருந்தீரானால்” எண்டு குறை சொல்லேக்க அவர் அதட்டவுமில்லை.

அடுத்த இருபத்தைஞ்சு நிமிசம் சங்கீதம் 13. ஆறே வசனம்: ரெண்டில முறைப்பாடு, ரெண்டில வேண்டுதல், ரெண்டில நம்பிக்கை. “எதுவரைக்கும்” நாலு தரம் வருது. அரைத் தாள் குடுத்து அவையவை தங்கட “எதுவரைக்கும்” வரியை எழுதட்டும். சத்தமா வாசிக்கக் கேக்காதேங்கோ, தாளைச் சேர்க்கவும் வேண்டாம். 5, 6ஐ நீங்கள் மட்டும் எல்லாருக்காகவும் வாசியுங்கோ. அதைத் தன்ர வாயால சொல்ல ஏலாத பிள்ளைக்கு சங்கீதம் 88 இருக்கு. அது இருளிலயே முடியுது, அதுவும் வேதாகமத்துக்குள்ளதான் இருக்கு, கடவுளைப் பாத்துத்தான் கதைக்குது. கடவுளிட்டயே முறையிடுறதும் அவரை மகிமைப்படுத்திறதுதான், ஏனெண்டால் கேக்க வேண்டியவர் அவர் எண்டு அது ஒத்துக்கொள்ளுது. மிச்ச நேரம் அமைதியும் ஜெபமும்.

மூண்டு பிழை விடாதேங்கோ. “கடவுள் தன்ர மகிமைக்காக எடுத்திட்டார்” எண்டு சொல்லக்கூடாது. யோவான் 9:3உம் 11:4உம் இயேசு தான் செய்யப்போறதை அறிஞ்சு சொன்னது, எங்களுக்கு அந்த அறிவு இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவருக்காக ஜெபிக்கேக்க, வீட்டுக்காரர் கேக்காமல் இறந்தவருக்குரிய ஜெபம் சொல்லக்கூடாது. பேரைச் சொல்லி, “இவரை நீர் அறிவீர்” எண்டு ஜெபியுங்கோ. கைதட்டுப் பாட்டோட தொடங்கவும் வேண்டாம்.

மடு வீதி மறைக்கல்வியாளர்:
அக்கா கடைசியாச் சொன்னதுக்கு வழிபாட்டு ஒழுங்கிலயே இடம் இருக்கு. தவக்கால ஞாயிறுகளில “உன்னதங்களிலே” கீதத்தையும் அல்லேலூயாவையும் திருச்சபை விட்டுவிடுது. அந்த நாள்களில கடவுளின் மாட்சி குறையிறேல்லை. முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐ அண்டின கிழமை எண்டால், அழுகைச் சங்கீதத்தை முன்னுக்கு வைச்சு, புகழ்ப் பாட்டு ஒண்டை மட்டும் முடிவில மெதுவாப் பாடுங்கோ. பாட ஏலாதவை பாடாமல் இருக்கலாம் எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ.