தரவரிசைப் பட்டியலை நம்பி எடுத்த முடிவுகள்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

உடுமலைக்காரர்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பொறியியல் கலந்தாய்வில் என் மகள் விருப்பப் பட்டியலை நிரப்பிக் கொண்டிருந்தபோது நடந்ததை இன்னும் என்னால் மறக்க இயலவில்லை. அவள் முதல் இடத்தில் வைத்திருந்தது 1945-இல் தொடங்கப்பட்ட கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் கட்டடப் பொறியியல் பிரிவை. நான் மத்திய அரசு ஆண்டுதோறும் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப் என்ற கல்வி நிறுவனத் தரவரிசைப் பட்டியலைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு, அதில் மேலே இருந்த ஒரு தனியார் கல்லூரியை முதலிடத்துக்கு ஏற்றச் சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. சுட்டியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், நானே மாற்றினேன். அந்தத் தனியார் கல்லூரியே கிடைத்தது. பின்னர் அந்தச் சுற்றின் ஒதுக்கீட்டு விவரங்களைப் பார்த்தபோது, அவளைவிடக் குறைந்த கட்-ஆஃப் பெற்ற மாணவர் ஒருவருக்கு அவள் கேட்ட இடமே கிடைத்திருந்தது தெரிந்தது. இப்போது அவளுடைய நில அளவைச் செய்முறை வகுப்பில் கோணம் அளக்கும் கருவியான தியோடலைட் ஒன்றுக்குப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். பட்டியலில் எண் இருந்தது, இந்தத் தகவல் இல்லை. உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்ததுண்டா?

முன்னாள் விரிவுரையாளர்

உடுமலைக்காரர் ஐயா, அந்த எண் எப்படி உருவாகிறது என்பதை உள்ளிருந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் பணியாற்றிய கல்லூரியில் என்.ஐ.ஆர்.எஃப் தரவைப் பதிவேற்றும் பொறுப்பு மூன்று ஆண்டுகள் என்னிடம் இருந்தது. கற்பித்தலும் வளங்களும் 30, ஆராய்ச்சி 30, தேர்ச்சியும் வேலைவாய்ப்பும் 20, அனைவரையும் உள்ளடக்குதல் 10, மக்கள் மதிப்பீடு 10 என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆசிரியர் பட்டியலில் பெயர், வயது, தகுதி, மாதக் கணக்கில் அனுபவம் ஆகியவற்றோடு 'தற்போது இந்நிறுவனத்தில் பணிபுரிகிறாரா?' என்றொரு கட்டம் உண்டு. முந்தைய ஆண்டே விலகி, சொந்த ஊரில் காப்பீட்டு முகவராகிவிட்ட நண்பர் ஒருவரின் பெயர் எனக்குத் தரப்பட்ட தாளில் இருந்தது. மேலிடத்தில் கேட்டேன், முனைவர் பட்டம் பெற்றவர்களின் எண்ணிக்கை குறையக் கூடாது என்று விடை வந்தது. அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று தட்டச்சு செய்தது என் விரல்கள்தாம். அன்று மாலை அதே நண்பர் தொலைபேசியில் அழைத்துக் கல்லூரி எப்படிப் போகிறது என்று கேட்டபோது என்னால் சரியாகப் பேச முடியவில்லை.

இது சிறிய ஊர்களின் நோய் மட்டுமன்று. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் அமெரிக்கப் பட்டியல் ஒன்றில் 2-ஆம் இடத்தில் இருந்தபோது, அதன் கணிதப் பேராசிரியர் மைக்கேல் தாடியஸ் தம் பல்கலைக்கழகம் அளித்த புள்ளிவிவரங்களையே சரிபார்த்து 2022-இல் கேள்வி எழுப்பினார். வகுப்பு அளவு குறித்த தரவு உள்ளிட்ட சில பிழைகளை நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் அது 18-ஆம் இடத்துக்கு இறங்கியது. அவர் செய்ததை நான் செய்யவில்லை.

தேனி மைந்தன்

விரிவுரையாளர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பட்டியலை நம்புவது பெற்றோர் மட்டுமல்லர், அரசாங்கங்களும் நம்புகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.டெக். முடித்தவன் நான். 2022 மே 30 அன்று பிரிட்டன் 'உயர் திறன் தனிநபர்' விசாவைத் தொடங்கியது. கியூ.எஸ், டைம்ஸ், ஷாங்காய் ஆகிய மூன்று உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியல்களில் குறைந்தது இரண்டில் முதல் 50 இடங்களுக்குள் வரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் அண்மை ஐந்தாண்டுகளுக்குள் பட்டம் பெற்றிருந்தால், வேலை கையில் இல்லாமலேயே அங்கே செல்லலாம் என்பது அப்போதைய விதி. அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில், தகுதியுள்ள பல்கலைக்கழகங்களின் பெயர்கள் இருந்த இணையப் பக்கத்தைத் திறந்து 'மெட்ராஸ்' என்று தேடினேன், இல்லை. 'இந்தியா' என்று தேடினேன், ஒன்றுகூட இல்லை. சோறு பாதியில் ஆறிப்போனது. ஜூலையில் என்.ஐ.ஆர்.எஃப் வெளியாகி, 2019 முதல் இருப்பதைப் போலவே சென்னை ஐ.ஐ.டி. மீண்டும் ஒட்டுமொத்தப் பிரிவில் முதலிடம் என்று செய்தி வந்தவுடன், அப்பா செய்தித்தாளை வெட்டிப் படமெடுத்து அனுப்பினார். ஒரே கல்லூரிதான், ஒரு தாளில் முதலிடம், மற்றொன்றில் பெயரே இல்லை.

காரணத்தையும் சொல்ல வேண்டும். வெளிப்படைத்தன்மை போதவில்லை என்று கூறி, சென்னை உள்ளிட்ட ஏழு ஐ.ஐ.டி.கள் 2020-இல் டைம்ஸ் பட்டியலில் பங்கேற்பதில்லை என்று அறிவித்தன. கியூ.எஸ் பட்டியலில் அப்போது 40 விழுக்காடு மதிப்பெண், உலகெங்கும் உள்ள கல்வியாளர்களிடம் கேட்டுப் பெறும் நற்பெயருக்கே உரியது. வெளிநாட்டு ஆசிரியர்களும் மாணவர்களும் மிகக் குறைவாக உள்ள வளாகம் அந்தக் கணக்கில் ஏறுவது கடினம். எனக்குப் பாடம் நடத்தியவர்களின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அம்பத்தூர் பொறியாளர்

உடுமலைக்காரர் மகளின் விருப்பத்தை மாற்றியது தவறு. ஆனால் அதற்குப் பட்டியலைக் குறை கூறுவது பொருந்தாது என்பதே என் கருத்து. தரவரிசையே இல்லாத கல்லூரியில் படித்த என்னை, வளாக நேர்காணலுக்கு வந்தவர் கல்லூரிப் பெயரைப் பார்த்தவுடன் கோப்பை மூடி வைத்தார். அந்த மூடும் ஓசை இன்றும் காதில் இருக்கிறது. பெயருக்கு மதிப்பு உண்டு என்பதை அன்று கற்றேன்.

யாரும் கேட்கவில்லை என்றாலும், இவ்வாண்டு விருப்பப் பட்டியல் நிரப்பப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். தர எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு கல்லூரியும் என்.ஐ.ஆர்.எஃப்-க்கு அளித்த தரவு அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்திலேயே கிடைக்கும். அதில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்கும் மேற்படிப்புக்கும் போனார்கள், இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்பன எல்லாம் இருக்கும். விளம்பரப் பலகையில் போடும் அதிகபட்சச் சம்பளம் ஒரே ஒரு மாணவருடையது. இடைநிலைச் சம்பளமோ வேலை பெற்றவர்களை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவருடையது. அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டையும் பாருங்கள். ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே தேர்வு நடத்துவதால் அவற்றை அதனுடன் ஒப்பிட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வேலை நாளில் நேரில் சென்று, நீங்கள் சேர விரும்பும் துறையின் ஆய்வகக் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் ஆண்டு மாணவர் இருவரிடம் தேநீர்க் கடையில் பேசுங்கள். முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது, இறுதியாண்டு மாணவர்கள் வேலைக் கவலையில் இருப்பார்கள்.

உடுமலைக்காரர்

அம்பத்தூர் நண்பர் சொன்னபடி மகளின் கல்லூரி சென்ற ஆண்டு அளித்த தரவைத் தேடி எடுத்தேன். விரிவுரையாளர் ஐயா குறிப்பிட்ட அந்தக் கட்டமும் இருந்தது. நேற்றிரவு மகளைத் தொலைபேசியில் அழைத்துப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். முதல் ஆண்டில் அவளுக்குக் கணிதம் எடுத்து, தீபாவளி விடுமுறைக்குப் பின் வேலையை விட்டுவிட்டதாகச் சொல்லப்பட்ட ஆசிரியரின் பெயரைக் கேட்டதும், "அப்பா, அதை இன்னொரு தடவை படிங்க" என்றாள். அவர் பெயருக்கு எதிரே 'ஆம்' என்றே இருக்கிறது.