பி.ஃபார்ம் முடித்தவர்களுக்குக் கனடா உரிமத் தேர்வு: புதுப்பிப்பு

சென்னையில் நாலு வருட பி.ஃபார்ம் (மருந்தியல் பட்டப்படிப்பு) முடித்த நான், மருந்தாளுநர் உரிமம் வாங்க அமெரிக்காவா கனடாவா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது. அமெரிக்கா எனக்கு ஆகாது. 2003-க்குப் பிறகு பட்டம் பெற்றவர்கள் அங்கே எஃப்.பி.ஜி.இ.இ. (வெளிநாட்டில் மருந்தியல் படித்தவர்களுக்கான தேர்வு) எழுத ஐந்து வருடப் படிப்பு வேண்டும், ஆறு வருட ஃபார்ம் டி படித்தவர்கள் முயலலாம். கனடாவில் மருந்தாளுநர் தேர்வுகளை நடத்தும் வாரியமான பி.இ.பி.சி. நாலு வருடத்தை ஏற்றுக்கொள்கிறது, அதனால் அந்த வழியில் போனேன்.

அவர்களுடைய முதல் தேர்வான மதிப்பீட்டுத் தேர்வு பாஸ்! தகுதித் தேர்வின் முதல் பாகமும் முடிந்தது. இனி அதன் இரண்டாம் பாகமான ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வு.

இதற்குத்தான் நிறையத் தயாராக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நடிப்பவர் ஒருவர் நோயாளியாக எதிரே உட்கார்ந்திருப்பார், சில நிமிடங்களுக்குள் நாம் கேள்வி கேட்டு, சிக்கலைக் கண்டுபிடித்து, அவருக்குப் புரியும்படி சொல்லி முடிக்க வேண்டும். நேற்றைய பயிற்சியில் தோழி முட்டிவலிக்கு இபுப்ரோஃபென் கேட்டு வந்தாள், வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட பிறகுதான் வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) என்றாள். இரண்டையும் சேர்த்து எடுத்தால் ரத்தக்கசிவு அபாயம் என்று விளக்கி, பாராசிட்டமாலை எவ்வளவு, எத்தனை நாள் எடுக்கலாம் என்று சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. நம் ஊர்க் கல்லூரிகளில் இந்தப் பேச்சுப் பயிற்சி கொஞ்சமாவது இருக்க வேண்டும், உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அப்புறம், சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு: மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே பி.இ.பி.சி.க்கு நேரடியாக அனுப்ப வேண்டும், அந்த வேலையை முதலில் தொடங்குங்கள். ஒன்டாரியோவில் தனியாகச் சட்டத் தேர்வும் உண்டு. ஆஸ்கி பயிற்சிக்கு யாராவது சேர்ந்துகொள்வதானால் சொல்லுங்கள், சனி ஞாயிறு மாலைகளில் எனக்கு வசதி.