அம்மாவுடன் பயணத்தின் கடைசி நாள் சென்னையில்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம் உறவுகளே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பாலெடுத்த அம்மாவை முதன்முறையாகத் தமிழ்நாட்டுக்கு அழைத்துப் போகிறேன். கடைசி நாள் சென்னையில், இரவுதான் விமானம். முட்டிவலி இருப்பதால் அலையவைக்க மனமில்லை. காலையில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில், நண்பகலில் நடை சாத்தியதும் ஓய்வு, வெயில் தாழ மெரினா. அங்கே மணற்பரப்பு மிக அகலம். 2022இல் மாற்றுத்திறனாளிகளுக்காக அமைத்த மரப்பாதையில் அம்மாவையும் விடுவார்களா?

இன்னொன்று, இதுதான் முக்கியம். தாத்தா மதராஸ் துறைமுகத்தில் ரஜூலா கப்பல் ஏறித்தான் பினாங்குக்கு வந்தார். அந்த இடத்தை அம்மா கண்ணால் பார்த்துவிட வேண்டும். துறைமுகத்துக்குள் போக முடியாவிட்டாலும், வெளியே எங்கே நின்றால் கப்பல்கள் தெரியும்? போய்வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.