மரம் அறுக்குற மெஷினுக்கு 16 இஞ்ச் செயின்தான் வாங்கினேன், பொருந்தல. பாதையில மரம் கிடக்கு, சீக்கிரம் சொல்லுங்க

திருப்பாலைக்குடி தம்பி:
எல்லாருக்கும் சலாம், வணக்கம். குடும்பத்தோட கனடாவுல நோவா ஸ்கோஷியாவுக்கு இப்பத்தான் வந்திருக்கோம். டவுனை விட்டு ரொம்பத் தள்ளி வாடகை வீடு. நேத்து ராத்திரி அடிச்ச காத்துல பெரிய மரம் ஒண்ணு பாதைக்குக் குறுக்க விழுந்துருச்சு, காரை வெளிய எடுக்க முடியல. கரண்ட் இல்ல, விறகு அடுப்புதான், கைக்குழந்தை இருக்கு. ஷெட்ல மரம் அறுக்குற மெஷின் கிடக்கு எடுத்துக்கன்னு வீட்டு ஓனர் சொல்லிட்டாரு. அதுல செயின் அறுந்து கிடந்துச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில போயி 16 இஞ்ச் செயின்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன். கொஞ்சம்தான் குறையுது. இழுத்துப் பிடிச்சு மாட்டிரலாமா? இல்ல செயின் சுத்தி ஓடுற அந்த நீள இரும்புப் பட்டை, பாருங்கிறாங்களே, அதை வேற வாங்கணுமா?

தொண்டி மச்சான், ஸ்கார்பரோ:
தம்பி, முதல்ல அந்த மெஷினைக் கீழ வைங்க. ஓனர் இடத்து மரம், ஓனர்தான் ஆளை விட்டு எடுக்கணும். போன்ல சொன்னதோட விடாதீங்க, மெசேஜா அனுப்புங்க, போட்டோ எடுத்து வைங்க. நாங்க வந்த புதுசுல பேஸ்மெண்ட்ல இருந்தோம். ஹீட்டர் ஓடாம பிள்ளைங்களுக்கு நெஞ்சுச்சளி கட்டிருச்சு. வாயால எத்தனை தடவை சொல்லியும், கடைசியில நீங்க சொல்லவே இல்லையேன்னு கேட்டாங்க. வாடகை வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்களா? அதை முதல்ல சொல்லுங்க.

மூக்கையூர் ஆள், பெர்த்:
20 இஞ்ச் பார் வாங்கிப் போடுங்க, ஒரே அறுப்புல தீந்துரும். இங்க ஜாரா மரம் இரும்பு மாதிரி. சின்ன பாரை வச்சுக்கிட்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்ல.

சாயல்குடி கரிமூட்டம்:
அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அது தப்பான வழி. மெஷின் எத்தனை சிசின்னு தம்பி சொல்லவே இல்ல. 40 சிசிக்குக் கீழன்னா 14, மிஞ்சிப் போனா 16. 45, 50 சிசி மெஷின் 16, 18 தாங்கும். சின்ன எஞ்சின்ல நீளமான பாரைப் போட்டா மரத்துக்குள்ள போனதும் செயின் திணறி நின்னுரும், கிளட்ச் கருகும். 16 இஞ்ச் பார்ல ரெண்டு பக்கமும் மாத்தி அறுத்தா அதைவிட ரொம்பத் தடிச்ச மரமே விழும். நாங்க வேலிக்கருவை வெட்டுறது 14, 16லதான். தூர்ல மண்ணு ஒட்டியிருக்கும், பல்லு சீக்கிரம் மழுங்கும், அதனால முனை உருண்ட செமி சிசல் செயின். கூர்முனைச் செயின் வேகமா அறுக்கும், ஆனா மண்ணுல ஒரு தடவை பட்டாப் போதும், போச்சு.

ஏர்வாடி பொண்ணு, கால்கரி:
மரம், மெஷினை விடுங்க. வேலை கிடைச்சிருச்சா தம்பி? எங்க வீட்டுக்காரர் ஊர்ல சைட் இன்ஜினியர். இங்க போற இடமெல்லாம் கனடா அனுபவம் இருக்கான்னு கேட்டே திருப்பி அனுப்பினாங்க. ராத்திரி குடோன்ல பெட்டி தூக்கித்தான் முதல் குளிர்காலத்தை ஓட்டினோம். இதையெல்லாம் வர்றதுக்கு முன்னாடி ஒருத்தரும் சொல்லல.

பாம்பன் பையன், வின்னிபெக்:
உண்மை அக்கா. அதைவிட, கேட்டதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல இங்க ஆளில்ல. 16ன்னா 16ஐ எடுத்துக் குடுத்துருவாங்க. ராமநாதபுரம் பட்டறையில போயி நின்னா, பழைய செயின் எங்கன்னு கேட்டு வாங்கி, பக்கத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் புதுசை எடுப்பாங்க. பாம்பன்ல காத்து சுழட்டி அடிச்சா பக்கத்து வீட்டு ஆள் கயிறும் அரிவாளுமா வந்து நிப்பாரு.

தொண்டி மச்சான், ஸ்கார்பரோ:
இங்கயும் தெரு முழுக்க மரம் கிடந்தப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல.

பெரியபட்டினம் ராத்தா, கேப் பிரெட்டன்:
தம்பி கைக்குழந்தையோட இருட்டுல உக்காந்திருக்காப்ல. மத்ததைப் பிறகு பேசுவோம். 2022 செப்டம்பர்ல பியோனா புயல் அடிச்சப்ப நாங்களும் இதே நோவா ஸ்கோஷியாவுலதான் இருந்தோம். எங்க பாதையில விழுந்த ஸ்ப்ரூஸ் மரத்தை நானும் அவரும்தான் அறுத்தோம். அதனால தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல, மரத்து மேலயோ அடியிலயோ கரண்டு வயர் கிடக்கா? கிடந்தா பக்கத்துலயே போகாதீங்க, மின்சாரக் கம்பெனிக்குப் போன் பண்ணுங்க. வயர் இல்லன்னா, பாரைக் கழட்டி எஞ்சின் பக்கத்து முனையைத் துணியால நல்லாத் தொடைங்க. எண்ணெயும் மரத்தூளும் அப்பியிருக்கும், அதுக்கு அடியில எண்ணு குத்தியிருப்பாங்க. அதையும் வாங்குன செயின் அட்டையில உள்ளதையும் இங்க போடுங்க.

திருப்பாலைக்குடி தம்பி:
வயர் இல்ல ராத்தா. பார்ல .325, .050, 66ன்னு இருக்கு. அட்டையில 3/8, .050, 56. மெஷின்ல 50 சிசின்னு ஒட்டியிருக்கு. ரெண்டுமே 16 இஞ்ச்தானே?

பெரியபட்டினம் ராத்தா, கேப் பிரெட்டன்:
16ங்கிறது மெஷினுக்கு வெளிய நீட்டிக்கிட்டு அறுக்குற நீளம் மட்டும்தான். செயின் பொருந்தணும்னா இன்னும் மூணு சரியா இருக்கணும். ஒண்ணு பிட்ச். அடுத்தடுத்த மூணு ரிவெட்டை அளந்து ரெண்டால வகுத்தா வர்றது. உங்க மெஷினுக்கு .325 இஞ்ச், அதாவது மூணு ரிவெட்டுக்கு 16.5 மில்லி. வாங்குனதுல அது 19க்குக் கொஞ்சம் குறைவா இருக்கும், அளந்து பாருங்க. ரெண்டாவது கேஜ், பாரோட பள்ளத்துல ஓடுற தகட்டோட தடிமன். அது ரெண்டுலயும் .050 இஞ்ச், 1.3 மில்லி, சரியா இருக்கு. மூணாவது, செயினுக்கு அடியில சுறாத் துடுப்பு மாதிரி நிக்குதே, அந்த டிரைவ் லிங்கோட எண்ணிக்கை. உங்களுக்கு 66 வேணும்.

வாங்குனது 56, வேண்டியது 66ன்னாலும் வாங்குனதுல லிங்க் பெருசா இருக்குறதால மொத்த நீளத்துல ரெண்டு இஞ்ச்கூட வித்தியாசம் வராது. அதான் கொஞ்சம்தான் குறையுதுன்னு தோணுது. தயவுசெஞ்சு இழுத்து மாட்டாதீங்க. செயினை இழுக்குற பல்சக்கரம், அந்த ஸ்பிராக்கெட், .325க்கு வெட்டினது. அதுல 3/8 பல்லு உக்காராது, ஏறி ஏறிக் குதிக்கும், அறுந்தா ஆள் மேலதான் வரும். பார் நல்லாத்தான் இருக்கு, 50 சிசிக்கு 16 பொருத்தம். பார் வாங்க வேணாம், செயினை மட்டும் மாத்துங்க. அறுந்த பழைய செயினையும் கையில கொண்டு போங்க.

சாயல்குடி கரிமூட்டம்:
ராத்தா சொன்னது அப்படியே சரி. மாட்டுறப்ப பாருக்கு மேல் பக்கம் வர்ற பல்லோட கூர் எஞ்சினை விட்டு வெளிய பாக்கணும். பார் முனையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே டைட் பண்ணுங்க. அடியில தொங்கக் கூடாது, உறை போட்ட கையால இழுத்தா லேசா ஓடணும். புதுச் செயின் சூடானதும் இளகும், நடுவுல ஆஃப் பண்ணி ஆறவிட்டுத் திரும்பப் பாருங்க.

தம்பி, இதுக்கு முன்னாடி மெஷின் பிடிச்சிருக்கீங்களா? இல்லன்னா அடிமரத்தைத் தொடவே தொடாதீங்க. விழுந்த மரம் வளைஞ்சு முறுக்கிக்கிட்டுக் கிடக்கும், தப்பான பக்கம் அறுத்தா விருட்டுன்னு எகிறும், இல்ல பாரைக் கவ்விக்கும். முனையோட மேல்பக்கம் எதுலயும் படாம பாத்துக்கங்க, மெஷின் முகத்துக்கே திரும்பும்.

திருப்பாலைக்குடி தம்பி:
பிடிச்சதே இல்லண்ணே. பக்கத்து வீட்டுக்காரர் வருஷா வருஷம் விறகு அறுக்குறவராம். செயின் மட்டும் சரியா வாங்கிட்டு வா, நான் அறுக்குறேங்கிறாரு. அந்த விறகை இன்னிக்கே அடுப்புல போடலாமா?

பெரியபட்டினம் ராத்தா, கேப் பிரெட்டன்:
போடாதீங்க, பச்சை மரம். சூடு வராது, புகைதான் வரும், புகைபோக்கியில தார் படிஞ்சு தீப்பிடிக்கும். பிளந்து அடுக்கிக் காயவிட்டு அடுத்த குளிருக்கு வச்சுக்கங்க. இன்னிக்கு அவர்கிட்டயே காஞ்ச விறகு ரெண்டு கட்டு கேளுங்க, குடுப்பாரு. கார்பன் மோனாக்சைடு அலாரத்துல பேட்டரி இருக்கான்னும் பாத்துருங்க. கடையில செயின் வழுக்கி ஓட ஊத்துற பார் ஆயிலும் வாங்கணும், அந்த டேங்க் காலியாத்தான் இருக்கும்.

சாயல்குடி கரிமூட்டம்:
அப்படியே செயின் பல்லைத் தீட்ட ஒரு அரமும். .325க்கு 4.8 மில்லி. 4 மில்லி அரம் சின்ன 3/8 செயினுக்கு உள்ளது, அதைக் குடுத்தா வாங்கிராதீங்க.