20 எம்பி கோப்பு ஏற்றினால் நின்றுவிடுகிறது: டிசிபிட்ரேஸ் அறிக்கையில் எதைப் பார்ப்பது?

சிப்காட்வாசி
வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஏற்றுமதி அலுவலகம். ஷிப்பிங் பேப்பர் ஸ்கேனைச் சென்னை ஏஜென்ட் சர்வருக்கு ஏற்றினா ஆரம்பத்திலேயே நிக்குது. மெயில், டவுன்லோட் எல்லாம் சரி. விண்டோஸ் 10 கணினியில் வயர்ஷார்க்கில் (போற வர்ற பாக்கெட்டைப் பிடிக்கிற கருவி) பிடிச்சு, பிகேப் கோப்பு வடிவத்துக்கு மாத்தி டிசிபிட்ரேஸில் (பிடிச்சதை இணைப்பு வாரியா கணக்கெடுக்கிற கருவி) போட்டேன். ஏ2பி பக்கம் (எங்க கணினியிலிருந்து சர்வருக்கு): எம்எஸ்எஸ் ரிக்வெஸ்டட் (ஒரு பாக்கெட்டில் இருக்கலாம்னு கேட்ட தரவின் உச்ச அளவு, பைட்டில்) 1460, மேக்ஸ் செக்மென்ட் சைஸ் (போனதிலேயே பெரியது) 2920, ரீட்ரான்ஸ்மிட் (மறு அனுப்பல்) 5. பி2ஏ பக்கம் (சர்வரிலிருந்து எங்களுக்கு) ஜீரோ விண்டோ 0. கேட்டது 1460, போனது 2920. நெட்வொர்க் கார்டு கெட்டுப்போச்சா?

காட்பாடி பாக்கெட்
கார்டு நல்லாத்தான் இருக்கு சார். அனுப்புற கணினியிலேயே பிடிச்சா, கார்டு துண்டு போடுறதுக்கு முன்னாடி இருக்கிற பெரிய கட்டுதான் வயர்ஷார்க்குக்குத் தெரியும். ஆஃப்லோட் (துண்டு போடுறதைக் கார்டுகிட்டே விடுறது) வேலை அது. கம்பியில் 1460-ஆத்தான் போகும். ஸ்விட்ச்சில் மிரர் போர்ட் (இன்னொரு போர்ட்டில் போறதோட நகலைத் தர்ற போர்ட்) வெச்சுப் பிடிச்சா கண்ணால் பார்க்கலாம்.

ஜீரோ விண்டோ 0-ன்னா சர்வர் "போதும், நிறுத்து"ன்னு சொல்லலை. அதனால் ஏஜென்ட் மேல் சந்தேகம் வேண்டாம்.

பார்க்க வேண்டியது அந்த 5 மறு அனுப்பல். ஐந்தும் ஒரே சீக்வென்ஸ் எண்ணா (தரவில் எந்த இடத்துத் துண்டுன்னு சொல்ற எண்)? இடைவெளி 0.3, 0.6, 1.2, 2.4 விநாடின்னு இரட்டிக்குதா? ஒவ்வொண்ணும் 1514 பைட்டா (முழு அளவு 1500, ஈதர்நெட் தலைப்பு 14)? அப்படின்னா லைன் மோசம்னு அர்த்தமில்லை. லைன் மோசமா இருந்தா பாக்கெட் அங்கொண்ணு இங்கொண்ணா விழும், நடுவில் டூப்ளிகேட் ஏசிகே (அதே ரசீது திரும்பத் திரும்ப) வரும். இங்கே சின்னது போகுது, முழு அளவு மட்டும் ஒவ்வொரு தடவையும் விழுது.

இணைப்பு பிபிபிஓஇ-தானே (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு நுழையிற பிராட்பேண்ட் முறை)? அதன் தலைப்பு 8 பைட் எடுத்துக்கும், 1500-இல் மிச்சம் 1492. டிஎஃப் பிட்டோட ('துண்டாக்காதே'ங்கிற குறி) வர்ற 1500 அதில் நுழையாது. "துண்டாக்கு"ன்னு ரௌட்டர் அனுப்புற ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழையைச் சொல்ற செய்தி; வகை 3, கோட் 4) உங்க கணினிக்கு வந்து சேரலை. டவுன்லோட் நடக்குதுன்னா எதிர்த்திசையில் அந்தத் தடை இல்லை. 'பிங் -எஃப் -எல் 1464' (துண்டாக்காம 1464 பைட் அனுப்பும்) போட்டுப் பாருங்க, அப்புறம் 1465.

சிப்காட்வாசி
ஒரே சீக்வென்ஸ்தான் சார், இடைவெளியும் இரட்டிக்குது. 1464-க்குப் பதில் வருது. 1465-க்கு 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்'. ஆமா, பிபிபிஓஇ. மோடத்துக்கும் ஸ்விட்ச்சுக்கும் நடுவில் ஃபயர்வால் பெட்டி ஒண்ணு இருக்கு.

காட்பாடி பாக்கெட்
1464-ஓட ஐபி, ஐசிஎம்பி தலைப்பு 28 சேர்ந்தா சரியா 1492. அதுக்கு மேல் போனா 'துண்டாக்கணும்'னு பதில் வந்திருக்கணும். வெறும் டைம்டு அவுட் வந்ததால், ஃபயர்வால் பிங் பதிலை மட்டும் விட்டு மத்த ஐசிஎம்பியை அடைக்குதுன்னு தோணுது. வகை 3 கோட் 4-ஐத் திறந்துவிடுங்க. பாதுகாப்புன்னு நினைச்சு மொத்த ஐசிஎம்பியையும் மூடுறது தப்பான பழக்கம். கூடவே ரௌட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்ப் (வழியில் போற எம்எஸ்எஸ் எண்ணை ரௌட்டரே குறைக்கிறது) 1452-ன்னு வைங்க (1492-இல் ஐபி 20, டிசிபி 20 கழிச்சது).

ஆற்காடு நெட்
இன்னைக்கே கப்பல் பேப்பர் போயாகணும்னா, அந்த ஒரு கணினியில் மட்டும் எம்டியு (ஒரு பாக்கெட்டோட உச்ச அளவு) 1492 வெச்சு அனுப்புங்க தம்பி. ஆனா அதோட விட்டுடாதீங்க, அடுத்த மேசையில் இதே தொல்லை வரும்.

சிப்காட்வாசி
ஐசிஎம்பி திறக்கிறது, கிளாம்ப் ரெண்டும் செஞ்சாச்சு, கோப்பு போயிடுச்சு. நன்றி சார், நன்றிண்ணா. புது அறிக்கையில் ஏ2பி ரிக்வெஸ்டட் இன்னும் 1460-தான் காட்டுது. கிளாம்ப் வேலை செய்யலையா?

காட்பாடி பாக்கெட்
உங்க சின் (இணைப்பைத் தொடங்குற முதல் பாக்கெட்), ரௌட்டரைத் தொடும் முன்னாடியே பிடிபடுது. அதனால் 1460 மாறாது. திரும்பி வர்ற சின்-ஏசிகே-யில் (அதுக்குச் சர்வர் தர்ற பதில்), அதாவது பி2ஏ வரிசையில், 1452 இருக்கான்னு பாருங்க.

சிப்காட்வாசி
1452 இருக்கு. ரீட்ரான்ஸ்மிட் 0.