இழை: டேப்ளாய்டு, லோப்பி – தமிழில் என்ன?

அனைவருக்கும் வணக்கம். பின்லாந்து ஊடகம் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று, இல்தா-சனோமாத் (1932), இல்தாலெஹ்தி (1980) போன்ற டேப்ளாய்டு ஏடுகள், அதாவது சிறிய அளவுத் தாளில் வரும் பரபரப்புச் செய்தி ஏடுகள். இன்னொன்று 'லோப்பி': அன்றைய பரபரப்பான தலைப்பை மஞ்சள் தாளில் கறுப்புக் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கடை வாசலில் மாட்டுவார்களே, அது. கடையில் தனிப்பிரதியாக விற்கும் ஏடுகள் என்பதால் விற்பனை இந்தத் தாளை நம்பித்தான். முதலாவதற்கு 'மஞ்சள் பத்திரிகை' என்று போட்டுவிடவா?
– மலர்

மலர், வேண்டவே வேண்டாம். தமிழில் மஞ்சள் பத்திரிகை என்றால் ஒளித்துவைத்துப் படிக்கும் சமாசாரம். பின்லாந்தின் இந்த ஏடுகளில் ஐஸ் ஹாக்கியும் அரசியலும் வருகின்றன. பாவம்.
– கோ.

டேப்ளாய்டு முதலில் செய்தித்தாளே இல்லை, மருந்து! 1884இல் லண்டனில் ஒரு மருந்துக் குழுமம் பதிவுசெய்த வணிகப்பெயர். சுருக்கி அழுத்திய மாத்திரை, பிறகு சுருக்கி அழுத்திய செய்தி. ஆகவே 'மாத்திரையேடு'. கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியர் சொன்ன அளவும் மாத்திரைதான். தலைப்பைப் படிக்க அவ்வளவு நேரம்தானே ஆகும்?
– புலவர் செ.

ஐயா, அழகுதான். ஆனால் வாசகர் மருந்துக்கடை விளம்பர ஏடு என்று நினைப்பார். 'சிற்றளவு ஏடு' என்றும் போக முடியாது. 2013 முதல் அங்குள்ள பெரிய நாளேடான ஹெல்சிங்கின் சனோமாத்தும் அதே அளவுதான், அதை யாரும் இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. பின்னிஷ்காரர்கள் சொல்வது 'இல்தாபாய்வாலெஹ்தி', பிற்பகல் ஏடு. நமக்கு 'மாலை ஏடு' இருக்கிறதே. மாலைமுரசு, மாலைமலர் வாங்கியவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.
– இரா.

இப்போது அவை காலையிலேயே கடைக்கு வந்துவிடுகின்றனவாம், இரா.! அது கிடக்கட்டும். 'லெஹ்தி' என்றால் இலை, செய்தித்தாள் இரண்டுமே. நம் 'இதழ்' பூவுக்கும் பத்திரிகைக்கும் வருவது போல. 1856இலேயே கால்டுவெல் திராவிடத்துக்கும் பின்னிஷ் முதலான மொழிகளுக்கும் உறவு தேடினார். லெஹ்தி, இலை...
– புலவர் செ.

ஐயா, கால்டுவெல் வேண்டாம். போன முறை அவரில் தொடங்கி ஹங்கேரியில் முடித்தோம். லோப்பிக்கு வாருங்கள். ஸ்வீடிஷ் 'லோப்செடல்' என்பதன் சுருக்கம்: ஓடு, சீட்டு. நேராக ஆக்கினால் 'ஓட்டச்சீட்டு'.
– கோ.

ஓட்டுச்சீட்டு என்றுதான் கண்ணில் படும்! தேர்தல் ஆணையத்துக்கே குழப்பம் வரும். சும்மா 'வால்போஸ்டர்' போடுங்கள்.
– இரா.

வால்போஸ்டர் சுவரில் ஒட்டுவது. இது கம்பிச் சட்டத்தில் செருகி வைப்பது, மறுநாள் உருவிப் போடுவது. பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்குமே, அதுதான். என் சிக்கல் இந்த வாக்கியம்: பனிச்சறுக்குத் தாண்டலில் நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற மாத்தி நுக்கானனின் கல்யாணமும் விவாகரத்தும் லோப்பிக்கு வந்தன. பதக்கத்தைவிட அதில்தான் மனிதர் பல ஆண்டுகள் ஊர்வாயில் இருந்தார். என்ன சொல் போட்டாலும் இந்த வாக்கியம் நொண்டக்கூடாது.
– மலர்

'தட்டி' எப்படி? கட்சிக்காரர்கள் வைக்கும் தட்டி போல. செய்தித்தட்டி. 'நுக்கானனின் விவாகரத்து தட்டிக்கு வந்தது.' நொண்டவில்லையே?
– கோ.

வாய்விட்டுப் படித்தேன், நிற்கிறது. ஆனால் தட்டி மூங்கில் வாசனை அடிக்கிறது.
– இரா.

அடிக்கட்டும். மாலை ஏடு, செய்தித்தட்டி. முதல் இடத்தில் மட்டும் 'லோப்பி எனும் செய்தித்தட்டி' என்று போட்டு அனுப்புகிறேன். எல்லோருக்கும் நன்றி, இரவு பதினொன்றாகிவிட்டது.
– மலர்

காலையில் வருவதை மாலை ஏடு என்று அச்சில் ஏற்றப்போகிறீர்கள். என் மாத்திரையேட்டை அடிக்குறிப்பிலாவது போடுங்கள், அம்மா. லெஹ்தி பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.
– புலவர் செ.